காபி எடுத்துக் கொடுத்தது எந்த நாட்டுக் கை?

வாசகர் கேள்வி – பதில்

கை கால் அசையாத ஒரு பெண்மணி நினைப்பாலேயே ரோபோ கையை நகர்த்திக் காபி குடித்த கதையைப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு ஏகப்பட்ட கடிதங்கள். வாஸ்து, வெயில், மாமியார் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த முறை மூளை, நானோ, ரோபோ, அப்புறம் இதையெல்லாம் நாடு விட்டு நாடு சேர்ந்து செய்கிறவர்கள், இவ்வளவுதான்.

கேள்வி: அந்தக் காபி விஷயம் அமெரிக்காவில் நடந்தது என்கிறான் என் மகன். ஜெர்மனியில் இருக்கும் மருமகனோ, "அது எங்க ஊர் கை மாமா" என்கிறார். தீபாவளிக்கு இரண்டு பேரும் வருகிறார்கள், அதற்குள் சொல்லிவிடுங்கள். யார் சொல்வது சரி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் சார். மூளைப் பக்கம் அமெரிக்கா, கைப் பக்கம் ஜெர்மனி.

கேத்தி ஹட்சின்சன் என்ற அந்தப் பெண்மணிக்கு ஸ்ட்ரோக் வந்து கை, கால், பேச்சு எல்லாம் போய் 15 வருஷம் ஆகியிருந்தது. கையை அசைக்க உத்தரவு போடும் மூளைப் பகுதியில் 4 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சிப்பைப் பதித்திருந்தார்கள். அதில் முடியைவிட மெல்லிய 96 ஊசிகள். பக்கத்து நியூரான்கள், அதாவது மூளையின் நரம்புச் செல்கள், எப்போது துடிக்கின்றன என்பதை அந்த ஊசிகள் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் அந்தத் துடிப்புகளைக் கணக்குப் போட்டு, "இவர் கையை வலப்பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறார்" என்று ஊகிக்கும். இதைச் செய்தது அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட பிரெயின்கேட் குழு.

காபி பாட்டிலைத் தூக்கிக் கொடுத்த கை மட்டும் டிஎல்ஆர் என்ற ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கியது. விண்வெளிக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்றால், அந்தக் கையின் ஒவ்வொரு மூட்டிலும் விசையை அளக்கும் உணரி இருக்கிறது, எதிலாவது பட்டால் பட்டது என்று அதற்குத் தெரியும். கார் தொழிற்சாலை ரோபோவை வேலி போட்டு ஏன் தனியே நிறுத்துகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள், வழியில் யார் நின்றாலும் அது பாட்டுக்கு வீசும். முகத்தை நகர்த்திக்கொள்ளக்கூட முடியாத ஒருவரின் வாயருகே பாட்டிலைக் கொண்டுபோக அப்படிப்பட்ட இயந்திரத்தை எவரும் நம்ப மாட்டார்கள். மூளை ஆராய்ச்சிக்காரர்களிடம் அந்த மாதிரிக் கை இல்லை, ரோபோக்காரர்களிடம் மூளைக்குள் சிப் வைத்துக்கொண்ட ஆள் இல்லை. சேர்ந்தார்கள்.

ஆறு முறை முயன்று நான்கு முறை ஸ்ட்ரா வழியாகக் காபி குடித்தார். எல்லாமே நினைப்பால் நடந்தது என்று சொல்வதற்கில்லை, மேஜைமேல் கையை நகர்த்துவதும் பிடிப்பதும் அவருடைய நினைப்பு, தூக்குவது சாய்ப்பதில் ரோபோவின் சொந்தக் கணக்கும் கொஞ்சம் உண்டு. 2012 மே மாதம் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. மருமகனிடம் இந்தக் கணக்கு விஷயத்தையும் சொல்லுங்கள், இன்னும் சந்தோஷப்படுவார்.

கேள்வி: பணம் இருக்கும் ஒரே நாடு எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள முடியாதா? ஏன் பல நாடுகள் சேர வேண்டும்? (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

பணம் கொடுத்தால் கருவி கிடைக்கும், முப்பது வருஷமாக ஒரே வேலையைச் செய்து கை பழகிய குழு கிடைக்காது.

கெர்ட்-யான் ஓஸ்காம் என்ற நெதர்லாந்துக்காரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் சீனாவில் சைக்கிள் விபத்து, கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாமல் போனது. 2023இல் அவர் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே ஒரு மின்னணுப் பாலம் போட்டு நடக்க வைத்ததாகக் கட்டுரை வந்தது. அந்தப் பாலத்தைப் பிரித்துப் பார்த்தால்: மூளைப் பக்கக் கருவி பிரான்சின் கிரெநோபில் நகரில் உள்ள சிஇஏ ஆய்வகத்துடையது. மண்டையோட்டில் இரண்டு வட்டத் துண்டுகளை எடுத்துவிட்டு அங்கே இரண்டு கருவிகளைப் பொருத்துகிறார்கள், ஒவ்வொன்றிலும் 64 மின்முனைகள், அவை மூளைக்குள் குத்துவதில்லை, மேலுறைமேல் சும்மா படிந்திருக்கும். அறுவைச் சிகிச்சையும் தண்டுவட ஞானமும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துடையவை, ஜோஸ்லின் பிளாக் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் கிரெகுவார் கூர்ட்டீன் என்ற ஆய்வாளரும் பல வருஷமாகச் சேர்ந்து செய்துவந்த வேலை அது. தண்டுவடத்துக்கு மின்துடிப்பு கொடுக்கும் பெட்டியோ புதிதே இல்லை, பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஏற்கெனவே பொருத்திவந்த அமெரிக்க கம்பெனிச் சாதனம். நடுவில் கணக்குப் போடும் கம்ப்யூட்டரை அவர் கூடவே கொண்டுபோக வேண்டும்.

இதில் எதையுமே ஒருவர் தனியாக முதலிலிருந்து தொடங்கியிருந்தால் அவர் இன்னும் தொடங்கிக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான் தம்பி.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு குரங்கு நினைத்தால் ஜப்பானில் ரோபோ நடக்குமாமே, நிஜமா? நினைப்பு எப்படிக் கடலைத் தாண்டும்? (எட்டாம் வகுப்பு மாணவி, கரூர்)

நிஜம்தான் பாப்பா. 2008 ஜனவரியில் நடந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதோயா என்ற பெண் குரங்கை நடைப்பயிற்சி மெஷினில் நடக்க விட்டார்கள், அது நடக்கும்போது மூளை நியூரான்கள் துடிப்பதைக் கம்ப்யூட்டர் எண்களாக மாற்றியது. இன்டர்நெட்டில் போனது அந்த எண்கள்தான், நினைப்பு இல்லை. ஜப்பானின் கியோட்டோ பக்கம் இருந்த ஆளுயர ரோபோ அந்த எண்களுக்கு ஏற்பக் காலை எடுத்து வைத்தது. குரங்குக்கு முன்னால் ஒரு திரையில் ரோபோவின் கால்கள் தெரியும். சரியாக நடந்தால் தீனி.

ஒரு கட்டத்தில் மெஷினை நிறுத்திவிட்டார்கள். குரங்கு நின்றுவிட்டது, ஆனால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது, ரோபோ இன்னும் சுமார் மூன்று நிமிஷம் நடந்தது. குரங்கு ஐந்தரைக் கிலோ, ரோபோ சுமார் 90 கிலோ. குழுத் தலைவர் மிகுவெல் நிக்கோலெலிஸ், பிரேசில்காரர். 2014 உலகக் கோப்பைத் தொடக்க விழாவில், சாவோ பாவ்லோவில், இடுப்புக்குக் கீழே அசையாத ஒருவர் மூளையலையால் இயங்கும் இயந்திர உடை போட்டுப் பந்தை உதைத்தாரே, அதுவும் இவர் குழுதான். டிவியில் சில நொடிகள்தான் காட்டினார்கள். மைதானத்தில் உதைத்துக் காட்டியதைவிட, அப்புறம் 2016இல் அதே குழு வெளியிட்ட மருத்துவக் கட்டுரை எனக்குப் பெரிதாகப் படுகிறது: ஒரு வருஷப் பயிற்சிக்குப் பிறகு எட்டு நோயாளிகளுக்குக் கொஞ்சம் உணர்வும் அசைவும் திரும்பியதாக அதில் எழுதியிருந்தார்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் நூறு கோடி யூரோ போட்டு மனித மூளையையே கம்ப்யூட்டரில் செய்யப்போவதாகச் சொன்னார்கள். என்ன ஆயிற்று? கூட்டு ஆராய்ச்சி என்றாலே வீண் செலவா? (வங்கி ஊழியர், சேலம்)

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

ஹென்றி மார்க்ரம் என்ற நரம்பியல் ஆய்வாளர் 2009இல் மேடையேறி, பத்து வருஷத்தில் மனித மூளையை கம்ப்யூட்டரில் கட்டிவிடலாம் என்கிற மாதிரி பேசினார். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தன் பெருந்திட்டங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. மனித மூளைத் திட்டம், பத்து வருஷம், நூறு கோடி யூரோ என்று அறிவிப்பு. அடுத்த வருஷமே நூற்றுக்கணக்கான நரம்பியல் ஆய்வாளர்கள் ஐரோப்பிய ஆணையத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: நோக்கம் குறுகிவிட்டது, முடிவுகளை ஒரு சிலர் மட்டும் எடுக்கிறார்கள், சிந்தனை, நினைவு பற்றிய ஆய்வுகளை மையத்திலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று. நடுவர் குழு போட்டு விசாரித்தார்கள், நிர்வாகம் மாறியது. 2023 செப்டம்பரில் திட்டம் முடிந்தபோது செலவான தொகை சுமார் 60 கோடி யூரோ. மூளை கம்ப்யூட்டருக்குள் வரவில்லை.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பெண் தேடின கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எலி மூளையில் ஒரு சின்னத் துண்டே இன்னும் பிடிபடாதபோது முழு மனித மூளைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். ஆனால் எல்லாமே வீண் என்று சொன்னால் அநியாயம். மனித மூளையின் பகுதிகளை நுண்ணோக்கி அளவில் பிரித்துக் காட்டும் ஜூலிச் வரைபடமும், ஈபிரெயின்ஸ் என்ற பொதுத் தளமும் இன்றைக்கும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. தலைப்புச் செய்திக்காகச் சொன்னது நடக்கவில்லை, தலைப்புச் செய்தியில் வராத வேலைதான் நிலைத்து நிற்கிறது.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். 2017இல் ஐரோப்பா, அமெரிக்காவைச் சேர்ந்த இருபது ஆய்வகங்களுக்கு மேல் கூடிப் பன்னாட்டு மூளை ஆய்வகம் என்ற கூட்டமைப்பை வைத்தார்கள். கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி: எலி ஒரு முடிவெடுக்கும்போது அதன் மூளை முழுக்க என்ன நடக்கிறது? சுண்டெலிக்கு முன்னால் ஒரு திரை, திரையில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு கோடு போட்ட வட்டம் வரும். எலி முன்னங்காலால் ஒரு சின்னச் சக்கரத்தை உருட்டி அந்த வட்டத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சரியாகச் செய்தால் ஒரு சொட்டு இனிப்புத் தண்ணீர். அவ்வளவுதான் விளையாட்டு.

வேடிக்கை எங்கே என்றால், இந்த விளையாட்டை எல்லா ஆய்வகத்திலும் ஒரே மாதிரி ஆட வைப்பதற்கே அவர்களுக்குச் சில வருஷங்கள் போயின. அதே சக்கரம், அதே திரை, அதே மென்பொருள், எலியைப் பழக்கும் அதே படிநிலை, எலி வளரும் கூண்டு, உணவு வரை கவனித்தார்கள். 2021இல் அவர்கள் வெளியிட்ட பெரிய கட்டுரையே, "மூன்று நாடுகளில் ஏழு ஆய்வகங்களில் 140 எலிகளைப் பழக்கினோம், கற்றுக்கொள்ளும் வேகம் மாறியது, பழகிய பிறகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆடுகின்றன" என்பதுதான். கேட்பவருக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் அதைச் செய்துவிட்ட பிறகுதான், 2025 செப்டம்பரில், 12 ஆய்வகங்கள் தனித்தனியாக 139 எலிகளில் எடுத்த பதிவுகளை ஒன்றாகக் கொட்டி, மூளையின் 279 பகுதிகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட நியூரான்களின் துடிப்பை ஒரே படமாக வைக்க முடிந்தது. முடிவெடுக்கும் வேலை மூளையின் ஏதோ ஒரு மூலையில் நடக்கவில்லை, பரவலாக நடக்கிறது என்று அதில் தெரிந்தது. ஒரு ஆய்வகம் தனியாகச் செய்தால் ஒன்றிரண்டு பகுதிகளோடு நின்றிருக்கும்.

அவர்கள் பயன்படுத்திய நியூரோபிக்சல் என்ற ஊசிகூட ஒரு நாட்டுச் சரக்கு இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் அறக்கட்டளைகள் பணம் போட்டன, பெல்ஜியத்தின் ஐமெக் சிப் ஆய்வகம் செய்தது. ஒரே ஊசியில் 384 இடங்களில் ஒரே நேரத்தில் பதிவு எடுக்கலாம்.

ஆக, வங்கிக்காரருக்கு வங்கி பாஷையில் சொன்னால், கூட்டுக் கணக்கில் தப்பில்லை, ஆனால் பணம் போடும் முன் எல்லாரும் ஒரே மாதிரி கணக்கு எழுதச் சம்மதித்தார்களா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: ரத்தத்துக்குள் நானோ ரோபோ நீந்திப் போய்ப் புற்றுநோயைச் சுடும் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். எப்போது வரும்? (இல்லத்தரசி, மதுரை)

சுடுவதெல்லாம் யூடியூபில்தான் அம்மா. உண்மையில் இருப்பது இன்னும் அழகு. 2018இல் பெய்ஜிங்கின் தேசிய நானோ அறிவியல் மையமும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, டிஎன்ஏ இழையையே காகிதம் மாதிரி மடித்துக் குழாயாகச் சுருட்டி, உள்ளே ரத்தத்தை உறைய வைக்கும் திராம்பின் என்ற பொருளை வைத்து எலிக்கு ஊசி போட்டார்கள். கட்டியின் ரத்தக் குழாய்களில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தைத் தொட்டதும் குழாய் விரிந்துகொள்ளும், திராம்பின் வெளிப்படும், அங்கே மட்டும் ரத்தம் உறையும், கட்டிக்குச் சோறு போகாது. மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. எலியில் நடந்தது, மனிதருக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் நானோ மருந்து என்பது வரப்போகிற விஷயம் இல்லை, வந்து முப்பது வருஷம் ஆகிறது. கீமோவில் கொடுக்கும் டாக்ஸோரூபிசினைக் கொழுப்பு உருண்டைக்குள் அடைத்த டாக்சில் என்ற மருந்து 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதன் ஆராய்ச்சி பெரும்பகுதி ஜெருசலேமில் நடந்தது. அப்புறம் கொரோனா காலத்து ஃபைசர் தடுப்பூசி. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உங்கள் சொந்தக்காரர்கள் போட்டிருப்பார்கள், நம்மூரில் பெரும்பாலோர் போட்ட கோவிஷீல்டு, கோவேக்சின் இரண்டும் அந்த வகை இல்லை. ஃபைசர் ஊசிக்குள் இருப்பது எம்ஆர்என்ஏ, எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு. அதை அப்படியே ஊசி போட்டால் உடம்பு உடனே சிதைத்துவிடும், அதனால் சுமார் 100 நானோமீட்டர் கொழுப்பு உருண்டைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். எம்ஆர்என்ஏவை உடம்பு எதிர்க்காதபடி மாற்றும் வழியைக் கண்டவர்களில் ஒருவர் ஹங்கேரியில் பிறந்த கேட்டலின் காரிகோ, தடுப்பூசியை வடிவமைத்தது ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் துருக்கி வம்சாவளித் தம்பதி முன்னின்று தொடங்கிய பயோஎன்டெக், கொழுப்பு உருண்டைச் சூத்திரம் கனடாவின் வான்கூவர் நகரத்து அக்யூட்டாஸ் கம்பெனியுடையது, பெருமளவில் தயாரித்து விற்றது அமெரிக்காவின் ஃபைசர். 2023 நோபல் காரிகோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் போனது. உருண்டை செய்தவர்களுக்கு இல்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான்.

கேள்வி: அப்பாவுக்கு மூளையில் கட்டி. மருந்து மூளைக்குள் போகாது என்கிறார் டாக்டர். வெளிநாட்டில் நானோ மருந்து இருப்பதாக ஒருவர் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார். போகலாமா சார்? (செவிலியர், சென்னை)

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன் அம்மா, அந்த ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். முறையாக நடக்கும் மருந்துச் சோதனையில், சோதிக்கும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. காசு கேட்டால் அது சோதனை இல்லை, வியாபாரம்.

டாக்டர் சொன்னது உண்மை. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், வேண்டாத பொருளை உள்ளே விடாது, விட்டதையும் திருப்பி வெளியே தள்ளும். நம்மைக் காக்கிற இந்தத் தடுப்பே மருந்தையும் நிறுத்திவிடுகிறது. பெரும்பாலான மருந்துகள் தாண்டுவதில்லை. நானோ உருண்டைக்குள் வைத்துவிட்டதாலேயே மட்டும் தாண்டிவிடும் என்பதும் இல்லை, அதன் மேற்பரப்பில் தடுப்புச் செல்கள் ஏற்றுக்கொள்ளும் ஏதாவது ஒரு மூலக்கூறை ஒட்டி அனுப்பிப் பார்க்கிறார்கள். இன்னொரு வழி, நுண்குமிழிகளை ரத்தத்தில் செலுத்தி, வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டைக் குறிப்பிட்ட இடத்தில் குவித்து, தடுப்பைக் கொஞ்ச நேரம் திறப்பது. 2015இல் டொரண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் மூளைக் கட்டி நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக அப்படித் திறந்து கீமோ மருந்து கொடுத்தார்கள். பல நாடுகளில் சோதனைகள் போய்க்கொண்டிருக்கின்றன, வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: அப்பாவின் பயாப்சி அறிக்கையை வைத்துக்கொண்டு, "இந்த வகைக் கட்டிக்கு ஏதாவது சோதனை நடக்கிறதா, அப்பா தகுதி பெறுவாரா" என்று புற்றுநோய் டாக்டரிடமே கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் சோதனைகளை சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அந்த ஆள் சொல்லும் மருந்து அதிலோ அமெரிக்கப் பதிவேட்டிலோ இல்லையென்றால் விஷயம் முடிந்தது. அப்பா நலம் பெறட்டும்.

கேள்வி: இதில் நம்ம தமிழ்நாடு எங்காவது இருக்கிறதா, இல்லை வேடிக்கைதான் பார்க்கிறோமா? (கடை உரிமையாளர், விருதுநகர்)

இருக்கிறது அண்ணாச்சி. ஐஐடி மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. உயிரிழந்த கருக்குழந்தைகளின் மூளையை மெல்லிய சீவல்களாகச் சீவி, செல் தெரியும் அளவுக்குப் படமெடுத்து, முப்பரிமாண வரைபடமாக்கி 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள், 'தரணி' என்று பெயர். 5,132 சீவல்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா ஆய்வாளர்களும் குழுவில் உண்டு, சென்னையின் மெடிஸ்கேனும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மருத்துவப் பக்கம் கைகொடுத்தன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கூட்டு ஆராய்ச்சி என்றால் நம் பக்கத்திலிருந்து நோயாளியும் ரத்த மாதிரியும் போகும், அங்கிருந்து கட்டுரை வரும், நடுப்பக்கத்தில் எங்கோ நம் டாக்டர் பெயர் இருக்கும் என்ற பழைய வழக்கம் இங்கே தலைகீழாகியிருக்கிறது. சீவினது, படமெடுத்தது, கணக்குப் போட்டது எல்லாம் அடையாறு பக்கம்.

கேள்வி: நான் சாதாரணக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. லேப் வசதி கிடையாது. இப்படிப்பட்ட குழுக்களில் என்னை மாதிரி ஆள் சேர முடியுமா அண்ணா? (மாணவர், தஞ்சாவூர்)

முடியும், ஆனால் "ஐ ஆம் வெரி இன்ட்ரெஸ்டட் இன் யுவர் எஸ்டீம்ட் லேப்" என்று ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே மெயிலை அனுப்பினால் முடியாது. அவர்கள் அதைத் திறப்பதே இல்லை.

லேப் இல்லாததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மேலே சொன்ன எலிப் பதிவுகள் முழுக்க இன்டர்நெட்டில் இலவசம். டாண்டி என்ற கிடங்கில் உலகத்து ஆய்வகங்கள் தங்கள் நரம்பியல் பதிவுகளை ஒரே கோப்பு வடிவில் போட்டு வைக்கின்றன. பழ ஈயின் மூளையில் உள்ள 1,39,255 நியூரான்களின் இணைப்பு வரைபடம் 2024 அக்டோபரில் வந்தது, அதுவும் திறந்தே கிடக்கிறது. அந்த வரைபடக் கதையைத் தெரிந்துகொள், உனக்குத் தெம்பு வரும்: அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்தில் எடுத்த படங்களை ஏஐ பிரித்தது, ஏஐ செய்த தப்புகளை மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள், ஒரே ஆள் செய்திருந்தால் சுமார் 33 வருஷம் ஆகியிருக்கும். அவர்களில் பேராசிரியர்களும் உண்டு, பிலிப்பைன்ஸில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும் உண்டு, ஆர்வத்தால் வந்து சேர்ந்த வெளியாட்களும் உண்டு.

பைத்தான் என்ற நிரல்மொழியைப் படி. நியூரோமேட்ச் என்ற இணையக் கோடைப் பள்ளி 2020இலிருந்து நடக்கிறது, கட்டணம் அவரவர் நாட்டு விலைவாசிக்கு ஏற்ப. ரோபோ பக்கம் ஆசையென்றால் ஆர்ஓஎஸ் என்ற ரோபோ மென்பொருளைக் கற்றுக்கொள், உலகத்தில் நிறைய ரோபோ ஆய்வகங்கள் அதில்தான் வேலை செய்கின்றன, உன் லேப்டாப்பிலேயே பாவனை ரோபோவை ஓட்டலாம். பிறகு ஏதாவது ஒரு திறந்த தரவை எடுத்து, ஒரு கட்டுரையில் உள்ள ஒரு படத்தையாவது நீயே திரும்பப் போட்டுப் பார். வந்தால் வந்ததென்று, வராவிட்டால் எங்கே இடித்தது என்று, அந்தக் கட்டுரையின் பிஎச்.டி. மாணவருக்கு ஆறு வரியில் எழுது. பேராசிரியருக்கு வேண்டாம், மாணவருக்கு. அவர் பதில் போடுவார். ராத்திரி ஒன்பது மணிக்கு மீட்டிங் வைப்பார்கள், அதற்கும் தயாராக இரு.

கேள்வி: பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்தால் எதற்காக அதிகம் சண்டை வரும்? (பெயர் வேண்டாம், புதுச்சேரி)

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதற்கு. இரண்டாவது, யார் எப்போது தரவைக் கொடுப்பார்கள் என்பதற்கு. அறிவியல் கருத்து வேறுபாடு மூன்றாவது இடம்தான்.

கேள்வி: உடம்புக்குள் வெளிநாட்டுச் சிப்பைப் பொருத்திவிட்டு அந்த கம்பெனி மூடிக்கொண்டு போய்விட்டால்? (வழக்கறிஞர், நாகர்கோவில்)

போயிருக்கிறது. ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையைக் கலிபோர்னியாவின் செகண்ட் சைட் கம்பெனி விற்றது, பல நாடுகளில் 350க்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் அந்தச் சாதனத்தைக் கைவிட்டு வேறு திட்டத்துக்குப் போனார்கள், 2020இல் கம்பெனியே மூடும் நிலை. கண்ணுக்குள் கருவி, ரிப்பேருக்கு ஆள் இல்லை, பழைய உதிரிப் பாகத்தை நோயாளிகளே தங்களுக்குள் தேடிக்கொண்டார்கள்.

உங்கள் தொழில் இங்கேதான் வேண்டும். பல நாட்டுக் கூட்டு ஒப்பந்தங்களில் காப்புரிமை யாருக்கு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சோதனை முடிந்த பத்தாவது வருஷம் பேட்டரி மாற்றுவது யார், வெளியே எடுக்கும் ஆபரேஷனுக்குப் பணம் யார், எந்த நாட்டு நீதிமன்றம் என்று எத்தனை ஒப்பந்தங்களில் தெளிவாக இருக்கிறது? சிலி நாடு 2021இல் மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து கிடைக்கும் தகவலுக்கும் அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்பு எழுதியது, 2025 நவம்பரில் யுனெஸ்கோ நரம்புத் தொழில்நுட்ப நெறிமுறைப் பரிந்துரையை ஏற்றது. நல்ல விஷயம்தான். ஆனால் பேட்டரிக் கேள்விக்கு அதில் யாரும் காசோலை எழுதவில்லை.

கேள்வி: அம்மாவின் மூளை எம்.ஆர்.ஐ. படத்தை ஒரு வெளிநாட்டு ஆய்வுக்குத் தர முடியுமா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். பெயரை எடுத்துவிடுவார்களாம். கையெழுத்துப் போடலாமா? (ஐ.டி. ஊழியர், ஓசூர்)

போடலாம், நான்கு விஷயம் கேட்டுவிட்டு.

பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, தலையின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தை அப்படியே திரும்ப உருவாக்கிவிடலாம். 2019இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 பேரின் எம்.ஆர்.ஐ. முகங்களை அவர்களுடைய போட்டோக்களோடு முகம் அறியும் மென்பொருளில் போட்டுப் பார்த்தார்கள், 83 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்துவிட்டது. அதனால் "முகப் பகுதியை அழித்துவிட்டு அனுப்புவீர்களா" என்று கேளுங்கள், அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது, பொறுப்பான குழுக்கள் செய்கின்றன. இரண்டாவது, மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, வெளிநாட்டுக் கூட்டு என்பதால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் ஆகிவிட்டதா. மூன்றாவது, பிறகு வேண்டாம் என்றால் விலக முடியுமா, எந்தக் கட்டம் வரை. நான்காவது, படத்தில் அம்மாவுக்கே ஏதாவது பிரச்சினை தெரிந்தால் உங்களுக்குச் சொல்வார்களா, மாட்டார்களா.

சம்மதப் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி அம்மாவையே படிக்கச் சொல்லுங்கள், மூளை அவருடையது. அவருக்குச் சுயமாக முடிவெடுக்கும் நிலை இருந்தால் கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும், நீங்கள் இல்லை.